அர்க்காமின் வீடு: போனவர்களைத் திரும்ப அழைக்கும் சமய இயக்கங்கள்

(கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



இந்த மண்டபத்திலிருந்து வெளியே வந்து பொடிநடையாகப் பிரிக்ஃபீல்ட்ஸைச் சுற்றி வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் உலகத்துச் சமயங்களில் பாதியைப் பார்த்துவிடலாம். ஜாலான் பெர்ஹாலாவில் 1894-இல் சிங்களவர்கள் தொடங்கிய பௌத்த மகா விகாரை இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் 1904-இல் தொடங்கிய விவேகானந்த ஆசிரமம் இருக்கிறது. ஜாலான் ஸ்கோட்டில் யாழ்ப்பாணத்தார் கட்டிய கந்தசுவாமி கோயில் இருக்கிறது. சுற்றுத் தெருக்களில் லூத்தரன் தேவாலயம், கத்தோலிக்கத் தேவாலயம், தமிழ் முஸ்லிம்களின் தொழுகையிடம் என்று அடுத்தடுத்து நிற்கின்றன. இன்று இவற்றை நாம் பழைய இடங்கள் என்கிறோம். ஆனால் விவேகானந்தர் மறைந்து இரண்டே ஆண்டில் அவர் பெயரால் இங்கே ஓர் ஆசிரமம் எழுந்தபோது அதுவும் ஒரு புதிய இயக்கத்தின் வரவாகத்தான் இருந்தது. ஆகவே புதிய சமய இயக்கம் என்று நான் சொல்லும்போது இழிவாகச் சொல்லவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

என் சொந்த வீட்டிலிருந்து தொடங்க அனுமதியுங்கள். கிள்ளானில் இருந்த என் அத்தை நடுவயதில் ஒரு குழுவில் சேர்ந்தார். அதன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து மனம் கசந்து வெளியே வந்தார். காது, கழுத்து நகையெல்லாம் போயிருந்தது. ‘இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன்’ என்று குடும்பத்தார் முன்னால் சொன்னார். பத்து ஆண்டுகள் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். பிறகு ஒரு நாள் விடியற்காலையில் மாமா இறந்துபோனார். நாங்கள் ஈப்போவிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் போய்ச் சேர நண்பகல் ஆகிவிட்டது. அதற்குள் வாசலில் கூடாரம் போட்டிருந்தது, நாற்காலி வந்திருந்தது, வந்தவர்களுக்குக் காப்பி கலந்துகொண்டிருந்தார்கள். எல்லாம் அந்தக் குழுவினர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை அத்தை என்னிடம், ‘நாளைக்குப் பஜனைக்குப் போறேன்’ என்றார். ‘மறுபடியும் நம்பிக்கை வந்திருச்சா அத்தை?’ என்று கேட்டேன். ‘நம்பிக்கையெல்லாம் என்னத்தக் கண்டேன். அங்க போனா என் பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்கடா’ என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் இத்தனை ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கணவர் போன பிறகு அந்த வீட்டில் அவரை அத்தை என்றார்கள், அம்மா என்றார்கள், பாட்டி என்றார்கள். அவர் பெயரைச் சொல்லி அழைக்க ஒருவரும் மிச்சமில்லை.

இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து இது. சர்ச்சைக்குரிய ஓர் இயக்கம் தன்னை விட்டுப் போனவர்களைத் திரும்பப் பெறுவது கொள்கையின் பலத்தால் நடப்பதில்லை. வெளியே போனவர் எந்த வீட்டை இழந்தாரோ அந்த வீட்டைக் காட்டித்தான் அது அழைக்கிறது. கொள்கையை மட்டும் மறுத்துவிட்டு, இழந்த வீட்டுக்கு ஈடு எதையும் தராத சமூகம் அவரைத் தானே திருப்பி அனுப்பிவைக்கிறது.

ஆய்வாளர்கள் இதன் முன்பாதியைப் பல காலமாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். 1965-இல் லோஃப்லாந்து, ஸ்டார்க் என்ற இரு அமெரிக்கர்கள், அப்போது சிறு குழுவாக இருந்த மூன் இயக்கத்தைக் கலிபோர்னியாவில் கவனித்து எழுதினார்கள். குழுவுக்குள் ஏற்பட்ட உறவு வெளியுறவைவிடக் கனமானபோதுதான் ஆட்கள் சேர்ந்தார்கள். கொள்கை பிறகு வந்தது என்றார்கள். 1984-இல் ஐலீன் பார்க்கர் அதே இயக்கத்தை இங்கிலாந்தில் ஆராய்ந்து இன்னொன்றைக் காட்டினார். அறிமுகப் பட்டறைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே வெளியேறினார்கள். மூளைச்சலவை, மீள முடியாத வலை என்ற பேச்சுக்கு இது நேர் எதிரான கண்டறிதல். சேருவது பற்றியும் விலகுவது பற்றியும் இவ்வளவு எழுதியிருக்கிறார்கள். திரும்பிப் போவது பற்றி எழுதியது குறைவு. அதற்குப் பாடம் கேட்க நாம் வேறெங்கும் போக வேண்டாம். இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு போதும்.

1. பெயரிலேயே இருந்த வீடு

1968-இல் கோலாலம்பூர் கம்போங் டத்தோ கிராமாட்டில் ஒரு சிறு சமயப் படிப்பு வட்டம் தொடங்கியது. தொடங்கியவர் அஷாரி முகமட். 1937-இல் நெகிரி செம்பிலானில் பிறந்தவர், அரசாங்கப் பள்ளியில் சமய ஆசிரியராக இருந்தவர். வட்டத்துக்கு அவர் வைத்த பெயர் தாருல் அர்க்காம், அதாவது அர்க்காமின் வீடு. மக்காவில் நபிகளாரின் முதல் தோழர்கள் எதிர்ப்புக்கு அஞ்சி மறைவாகக் கூடியது அர்க்காம் என்பவரின் வீட்டில். அந்தப் பெயரை அவர் கோட்பாட்டிலிருந்து எடுக்கவில்லை, ஒரு கூரையிலிருந்து எடுத்தார். இயக்கத்தின் மொத்த வரலாறும் இந்தப் பெயருக்குள் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

1970-களின் தொடக்கத்தில் அவர்கள் சுங்கை பெஞ்சாலாவில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். இன்று அதைச் சுற்றித் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலும் டமன்சாராவும் நிற்கின்றன. அன்று ஓரமான கம்போங். அங்கே பள்ளி வைத்தார்கள், கிளினிக் வைத்தார்கள், மீயும் கீச்சாப்பும் மிளகாய்ச் சாந்தும் தயாரித்து விற்றார்கள். பொதுச் சந்தையில் ஹலால் என்று நம்பி வாங்கும்படியான பொருள்கள் அப்போது குறைவு. அந்த இடைவெளியை ஒரு சமயக் குழு நிரப்பியது. ஜூடித் நகாட்டா 1984-இல் வெளியிட்ட, மலேசிய இஸ்லாத்தின் மறுமலர்ச்சி பற்றிய நூலில் இவர்களுக்குத் தனி இடம் தந்தார். புதிய பொருளாதாரக் கொள்கையின் காலம் அது. கம்போங்கை விட்டு முதன்முறையாகப் பட்டணத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வந்த மலாய் இளைஞர்களுக்குப் பட்டணம் அறையைத் தந்தது, வீட்டைத் தரவில்லை. பச்சை அங்கியும் தலைப்பாகையும் அணிந்து ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து உண்ட அந்தக் குழு வீட்டைத் தந்தது.

1994 வாக்கில் முழுநேர உறுப்பினர்கள் 10,000 பேர் அளவில் இருந்தார்கள், நாடெங்கும் 48 குடியிருப்புகள் இருந்தன என்பது அன்று பரவலாகச் சொல்லப்பட்ட கணக்கு. ஆதரவாளர்கள் அதைப்போலப் பல மடங்கு.

சமய நோக்கில் அவர்கள் சொன்னது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, இந்த மேடை அதற்கு உரியதும் இல்லை. அந்தப் பொறுப்பு இந்நாட்டுச் சட்டப்படி உரியவர்களிடம் இருக்கிறது. நான் பார்ப்பது வீட்டை மட்டும்.

2. பூட்டப்பட்ட கதவும் மாற்றப்பட்ட பெயர்ப்பலகையும்

1994 ஆகஸ்ட் 5-ஆம் நாள் தேசிய பத்வா மன்றம் தாருல் அர்க்காம் வழிதவறிய இயக்கம் என்று அறிவித்தது. அதே மாதத்தில் உள்துறை அமைச்சு அதைச் சட்டவிரோத அமைப்பாக்கியது. பல ஆண்டுகளாக வெளிநாட்டில் இருந்த அஷாரி செப்டம்பரில் தாய்லாந்தில் பிடிபட்டு இங்கே கொண்டுவரப்பட்டார். இசா சட்டம், அதாவது விசாரணையின்றித் தடுத்துவைக்க அன்று இடந்தந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், அவர்மேல் பாய்ந்தது. அக்டோபரில் தொலைக்காட்சியில் தோன்றித் தம் தவறுகளை ஒப்புக்கொண்டார். இயக்கம் கலைக்கப்பட்டது. உறுப்பினர்களுக்கு நம்பிக்கை திருத்த வகுப்புகள் நடந்தன.

இந்த வரிசையை நிதானமாகப் பாருங்கள். மறுக்கப்பட்டது ஒரு நம்பிக்கை. திருத்தப்பட்டதும் ஒரு நம்பிக்கை. ஆனால் கையெழுத்திட்டு மனம் திருந்தியதாகச் சொல்லி வெளியே வந்த குடும்பஸ்தர் அடுத்த திங்கட்கிழமை காலையில் எங்கே வேலைக்குப் போவார்? அவர் இருபதாண்டுகள் மீ தொழிற்சாலையிலோ அச்சகத்திலோ உழைத்தார். இயக்கத்தின் வேலை அது. அவருடைய திருமணத்தை இயக்கம் நடத்தியது. அவர் பிள்ளைகள் இயக்கத்தின் பள்ளியில் படித்தார்கள். நாட்டுத் தேர்வு எழுதாத பள்ளி. சேர்ந்தபோது பெற்றோரோடும் உடன்பிறப்போடும் மனத்தாங்கலாகிப் பிரிந்தவர் பலர். கோட்பாட்டை விடச் சொன்னது அரசு. விட்ட பிறகு போவதற்கு இடம் எது என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

1997-இல் ருஃபாக்கா என்ற வணிக நிறுவனம் பிறந்தது. தலைமையிடம் ரவாங்கில், பண்டார் கண்ட்ரி ஹோம்ஸ். ருஃபாக்கா என்றால் தோழர்கள். கட்டுப்பாட்டுக் காவலில் இருந்த அஷாரி கடைசியாக லபுவானில் வைக்கப்பட்டு 2004-இல்தான் விடுபட்டார். அதற்குள் அவருடைய தோழர்கள் ரவாங்கில் அடுமனையும் உணவகமும் மளிகைக் கடையும் நடத்தி வந்தார்கள். 2006-இல் சிலாங்கூர் சமய அதிகாரிகள் ருஃபாக்காவுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தார்கள். 2008-இல் குளோபல் இக்வான் வந்தது. இக்வான் என்றால் சகோதரர்கள். வீடு, தோழர்கள், சகோதரர்கள். மூன்று பெயர்ப்பலகையிலும் கோட்பாட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை. மூன்றும் உறவுச் சொற்கள். சிதறிப்போன ஒருவர் ரவாங் வழியாகப் போகும்போது அந்தப் பலகையைப் பார்த்தால் அவருக்குப் புரிய வேண்டியது புரியும்.

அழைப்பு எந்த வழியில் போனது என்பதற்கு இன்னொரு சான்று. 2009-இல் இவர்களைச் சேர்ந்தவர்கள் பலதார மணச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். தனித்து வாழும் தாய்மார், மணவயது கடந்த பெண்கள், தவறான வாழ்விலிருந்து மீண்ட பெண்கள் ஆகியோருக்குக் கணவரைத் தேடித் தருவது அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. 2011 ஜூனில் கீழ்ப்படியும் மனைவியர் சங்கம் தொடங்கியபோது உலகப் பத்திரிகைகள் அதை ஒரு வேடிக்கைச் செய்தியாக எடுத்துக்கொண்டன. எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. சமூகம் எந்தப் பெண்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியதோ அவர்களுடைய பட்டியலை முன்னதான பலதார மணச் சங்கம் கையில் வைத்திருந்தது. அவர்களுக்கு அது கொடுக்க முன்வந்த இடம் அடிமைத்தனமான இடம் என்பதே என் கருத்து. ஆனால் வேறு யார் அவர்களுக்கு இடம் கொடுக்க முன்வந்தார்கள்?

தாருல் அர்க்காம் பற்றி நீண்டகாலமாக எழுதிவரும் அறிஞர் அகமட் ஃபவுசி அப்துல் ஹமிட், இயக்கத்தின் பொருளாதார வாழ்வை அதன் ஆன்மிகத்திலிருந்து பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதை வலியுறுத்தி வருபவர். தடை போட்டவர்கள் அவ்விரண்டையும் பிரித்தார்கள். ஆன்மிகத்தைப் பூட்டினார்கள். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது.

3. கிள்ளானில் ஒரு சமாதி, புட்டபர்த்தியில் ஒரு சமாதி

தலைவர் இறந்துவிட்டால் இயக்கம் உதிர்ந்துபோகும் என்று வெளியிலிருப்போர் எதிர்பார்ப்பது வழக்கம். பாதிதான் உண்மை. தலைவரின் மரணம் சிலரை வெளியே அனுப்பும். அதே மரணம், முன்பே வெளியே போனவர் சிலரை உள்ளே வரவழைக்கும். இழவுக்கு வராத உறவினர் உண்டா?

தாருல் அர்க்காமின் ஆன்மிக வேர் இந்தக் கிள்ளானில் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஜாவாவில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஷேக் முகமட் அஸ்-சுஹைமி என்ற பெரியவர் 1925-இல் கிள்ளானில் காலமானார். அவர் வழியாக வந்ததாகச் சொல்லப்படும் அவுராட் முகமதியா என்ற திக்ரு வரிசையைத்தான் அஷாரி தம் இயக்கத்தின் உயிராக வைத்தார். சுஹைமி இறக்கவில்லை, மறைந்திருக்கிறார், இறுதிக் காலத்தில் வரும் மீட்பரான மஹ்தியாகத் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை இயக்கத்துக்குள் இருந்தது. 1994 பத்வாவின் மையத்தில் இருந்தவற்றுள் இதுவும் ஒன்று. அஷாரியை அந்த வருகைக்கு முன்னோடியான பனூ தமீம் குலத்து இளைஞராகப் பின்பற்றியவர்கள் கொண்டார்கள். 2010 மே 13-ஆம் நாள் அஷாரியும் காலமானார். திரும்பி வரப்போகும் ஒருவருக்காகக் காத்திருந்த வீட்டில் காத்திருப்பு ஒரு குடும்பப் பழக்கமாகவே ஆகியிருந்தது. தலைவர் போனார், பழக்கம் போகவில்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன். இங்கே இருப்போரில் பாதிப்பேராவது சிறுவயதில் ஒரு வியாழக்கிழமை மாலை சத்ய சாயி பஜனையில் உட்கார்ந்திருப்பீர்கள். வெள்ளை உடை, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், படத்திலிருந்து விபூதி கொட்டுகிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்ன அந்த மாலை. மலேசியாவில் இந்த இயக்கம் 1960-களின் பிற்பகுதியிலிருந்து பரவி, நகரத்து நடுத்தர வகுப்பு இந்துக்களிடம் வேரூன்றியது. சீனர்களும் வந்தார்கள். ரேமண்ட் லீ 1982-இல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அலெக்சாண்ட்ரா கெண்ட் 2005-இல் முழு நூலே வெளியிட்டார்.

இந்த இயக்கத்தின் குருவான சத்ய சாயி பாபா மீது கடுமையான குற்றச்சாட்டுகள் எழுந்தன. 1993 ஜூனில் புட்டபர்த்தியில் இருந்த அவருடைய ஆசிரமத்துக்குள்ளேயே ஆறு பேர் உயிரிழந்தார்கள். 2004-இல் பிபிசி பாலியல் புகார்களை ஆவணப்படமாக ஒளிபரப்பியது. எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொன்னதில்லை. புகார் சொன்னவர்களுக்குப் பொறுமையாகக் காது கொடுத்த மன்றமும் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்த ஆண்டுகளில் உலகெங்கும் பக்தர்கள் பலர் விலகினார்கள். 1991-இல் திறந்த இலவச மருத்துவமனையையும், அனந்தப்பூர் கிராமங்களுக்கும் பிறகு சென்னைக்கும் வந்த குடிநீரையும் சுட்டிக்காட்டி நின்றவர்களும் உண்டு. அந்தத் தண்ணீர் பொய்யல்ல.

தாம் 96 வயது வரை வாழ்வதாகச் சொன்னவர் அவர். 2011 ஏப்ரல் 24-இல் மறைந்தபோது வயது 84. அப்போது நடந்ததைக் கவனியுங்கள். நட்சத்திர மாதக் கணக்கில் எண்ணினால் ஏறத்தாழ 96 வருகிறது என்று ஒரு விளக்கம் வந்தது. அவரே முன்னர் சொல்லியிருந்த பிரேம சாயி என்ற அடுத்த பிறவியை எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் கர்நாடகத்தின் முத்தேனஹள்ளியிலிருந்து, பாபா சூட்சும உடலில் ஒருவர் மூலம் பேசுகிறார் என்ற அறிவிப்பும் வந்தது. புட்டபர்த்தியின் மத்திய அறக்கட்டளை அதை ஏற்கவில்லை. ஒரே குடும்பத்தில் அண்ணன் புட்டபர்த்தி, தம்பி முத்தேனஹள்ளி என்று பிரிந்த கதை பல நாடுகளில் உண்டு.

1956-இல் லியோன் ஃபெஸ்டிங்கரும் தோழர்களும் எழுதிய ஆய்வை இங்கே பலரும் நினைவுகூர்வார்கள். 1954 டிசம்பர் 21-இல் வெள்ளம் வரும் என்று காத்திருந்த ஒரு சிறு அமெரிக்கக் குழு, வெள்ளம் வராதபோது கலைந்துபோகாமல் முன்னிலும் ஊக்கமாக ஆள் சேர்க்கக் கிளம்பியதாக அவர்கள் எழுதினார்கள். முரண்பாட்டின் வலியைக் குறைக்கக் குழுவினர் அப்படிச் செய்தார்கள் என்றது அந்த ஆய்வு. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் முத்தேனஹள்ளிக்குப் போன முதியவர்களைக் கண்டு பேசும்போது எனக்குக் கேட்டது வேறு. ‘சாமி மறுபடி பேசுறார்’ என்று சொல்லும்போது அவர்களுடைய குரல் கணக்கைச் சரிபார்த்தவரின் குரலாக இல்லை. போன தகப்பனின் குரலைத் தொலைபேசியில் கேட்டவரின் குரலாக இருந்தது.

4. தோட்டம் உடைந்த பிறகு

நம் மக்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தச் சொற்பொழிவை ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் இன்றைய பெருநகரங்களில் பல ரப்பர், செம்பனைத் தோட்டங்களின் மேல் எழுந்தவை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் லயத்தை விட்டுப் புறம்போக்குக் குடிசைகளுக்கும், பிறகு மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் போயின. அந்த இடமாற்றத்தைக் கூலி, வீட்டுவசதி, இழப்பீடு என்று அளந்திருக்கிறார்கள். அளக்காதது ஒன்று உண்டு. லயத்தில் ஒரு வீட்டில் குழந்தை அழுதால் பத்து வீட்டில் விளக்கு எரியும். ஆண்டுக்கொரு முறை மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினால் அந்தப் பத்து நாளும் ஊரே ஓர் ஒழுங்குக்குள் வரும். சண்டைக்கும் அங்கே இடமுண்டு, சாதிக் கொடுமையும் உண்டு, கள்ளுக்கடைச் சீரழிவும் உண்டு. அதைப் பொற்காலமாக வரைய நான் தயாராயில்லை. ஆனால் பதினாலாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவருக்கு அதில் ஒன்றுகூட இல்லை. கோயிலைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கியில் ஏற முடியாது.

அந்த அடுக்குமாடிகளில் யார் முதலில் கதவைத் தட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெந்தெகொஸ்தே சபையின் தம்பி ஒருவர், பஜனைக் குழுவின் அக்கா ஒருவர், ஏதோ ஒரு சுவாமிஜியின் தியான வகுப்புக்கு அழைத்தவர், எங்கேயோ ஓர் இளைஞர் கும்பல். கும்பலையும் இந்த வரிசையில் சேர்ப்பது சிலருக்கு வருத்தம் தரலாம். பதினைந்து வயதுப் பையனின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவும் தன் பெயர் சொல்லி அழைக்கும் வீடுதான்.

நம் அமைப்புகள் இதற்கு என்ன செய்தன? மதம் மாறியவர்களை மீட்கவேண்டும் என்று கூட்டம் போட்டோம். துண்டறிக்கை அடித்தோம். போலிச் சாமியார்களை நம்பாதீர்கள் என்று நாளிதழில் எழுதினோம், நானும் எழுதினேன். அவையெல்லாம் கொள்கை வகுப்புகள். அறிவுரை கேட்டு ஒரு குழுவை விட்டு வெளியே வந்த பெண்ணுக்கு அந்த வாரக் கடைசியில் யார் வீட்டில் சோறு என்ற கேள்வி எங்கள் கூட்டக் குறிப்பேடுகளில் ஒருமுறைகூட இல்லை. பிறகு அவர் திரும்பிப் போனபோது ‘புத்தி கெட்டவள்’ என்றோம். என் அத்தையை நான் மனத்துக்குள் அப்படித்தான் சொன்னேன். முப்பது ஆண்டுகள் கழித்து இந்த மேடையில் அதற்காக வருந்துகிறேன்.

5. வெளிப்பக்கமும் திறக்கிற கதவு

வீடு தருவது நல்லதுதானே, பிறகு ஏன் இவற்றைச் சர்ச்சைக்குரியவை என்கிறீர்கள் என்று ஒரு மாணவி என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. துக்க வீட்டுக்குக் காப்பி கொண்டுவந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தக் காப்பிக்கு அவர்கள் பின்னால் என்ன விலை வைத்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. போக விரும்புகிறவர் தம் பிள்ளையோடும், தம் கூலியோடும், தம் அடையாளக் கார்டோடும் போக முடிகிறதா? போன பிறகு உள்ளே இருக்கும் தங்கையோடு பேச முடிகிறதா? முடிந்தால் அது எவ்வளவு விசித்திரமான நம்பிக்கை கொண்டிருந்தாலும் எனக்கு அச்சமில்லை. முடியாவிட்டால் அங்கே ஓதுவது எந்த மரபின் மந்திரமாக இருந்தாலும் எனக்கு அச்சம் உண்டு. இந்த அளவுகோலை நம் பழைய, மதிப்புக்குரிய மடங்களுக்கும் சபைகளுக்கும் சேர்த்தே வைக்கிறேன்.

6. திரும்பிப் போக முன்வாழ்வு இல்லாதவர்கள்

2024 செப்டம்பர் 11-ஆம் நாள் சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் இருந்த 20 இல்லங்களில் காவல்துறை ஒரே நேரத்தில் நுழைந்தது. 402 பிள்ளைகள் மீட்கப்பட்டார்கள். 201 பையன்கள், 201 பெண்பிள்ளைகள். வயது 1 முதல் 17 வரை. உடல் வதையும் பாலியல் வதையும் நடந்ததாகக் காவல்துறைத் தலைவர் அறிவித்தார். 171 பேர் கைதானார்கள். அந்த இல்லங்கள் குளோபல் இக்வானோடு தொடர்புடையவை என்றது காவல்துறை. நிறுவனம் முதலில் மறுத்தது. 20 நாடுகளில் தொழில் நடத்துவதாகச் சொல்லிக்கொண்ட நிறுவனம் அது. அடுத்த மாதம் உயர்பொறுப்பில் இருந்தவர்கள் உட்பட 22 பேர் மீது திட்டமிட்ட குற்றக் குழுவில் உறுப்பினராக இருந்ததாக வழக்குத் தொடுக்கப்பட்டது. வழக்குக்குரியதை வழக்குக்கு விடுகிறேன்.

இதுவரை நான் பேசியதெல்லாம் ஒருமுறை வெளியே இருந்து, உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி அழைக்கப்பட்டவர்களைப் பற்றி. என் அத்தைக்குக் குழுவுக்கு முன்னால் ஒரு வாழ்வு இருந்தது. பிறந்த ஊர், சித்தி பெரியம்மா, பள்ளித் தோழி. 1970-களில் சுங்கை பெஞ்சாலாவுக்குப் போன இளைஞனுக்கும் பின்னால் ஒரு கம்போங் இருந்தது. அந்த இல்லங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அப்படி முன்பு என்று ஒன்று கிடையாது. அதன் நண்பர்கள் அங்கே, உடன்பிறப்புகள் அங்கே, அடித்தவரும் சோறு போட்டவரும் அங்கேயே. நாம் மீட்பு என்று சொல்லும் சொல் அந்தப் பிள்ளையின் காதில் வீடு பறிபோவது என்று விழக்கூடும். பல பிள்ளைகளின் பெற்றோரே காவலில் இருந்தார்கள். சொந்தம் யாரென்று அறிய மரபணுச் சோதனை தேவைப்பட்டது.

இந்தப் பிள்ளைகளைத் திரும்ப அழைக்க அந்த இயக்கத்துக்குத் துண்டறிக்கை வேண்டாம், புதிய பெயர்ப்பலகையும் வேண்டாம். ஒரு நோன்புப் பெருநாள் காலையில் பழைய சமையலறையின் வாசம் நினைவுக்கு வந்தால் போதும். அதற்கு முன் அவர்களுக்கு வேறொரு சமையலறை பழகியிருக்க வேண்டும். அதைப் பழக்கும் வேலையைக் காவல்துறையால் செய்ய முடியாது. நீதிமன்றத்தாலும் சமய இலாகாவாலும் முடியாது. வளர்ப்புப் பெற்றோராகப் பதிவு செய்யும் குடும்பம், பாடத்தில் எட்டு ஆண்டுகள் பின்தங்கிய பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுத்துக் கற்பிக்கும் ஆசிரியை, வேலை பழக்கிக் கூலியை அவன் கையிலேயே கொடுக்கும் பட்டறைக்காரர், இவர்கள்தான் செய்ய முடியும். அவர்கள் மலாய்ப் பிள்ளைகள், நமக்கென்ன என்று யாரும் நினைக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். ரவாங்கிலும் நாம் இருக்கிறோம்.

1994-இல் சுங்கை பெஞ்சாலாவில் ஏழு வயதாக இருந்த ஒரு குழந்தைக்கு 2024-இல் 37 வயது. அந்த இல்லங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்களின் வயதும் ஏறக்குறைய அதுவாக இருக்கலாம். 2024-இல் மீட்கப்பட்ட 402 பேரில் மூத்த பிள்ளைக்கு 17 வயது. ருஃபாக்கா தடுக்கப்பட்டு, குளோபல் இக்வானுக்கு இன்னும் பெயர் வைக்கப்படாமல் இருந்த இடைவெளியில் பிறந்த பிள்ளை.